கல் பூனையும் கடல் நண்டும்

நான்கு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கல்யாணம். மறுநாள் உறவுக்காரர்கள் பதினாறு பேர் ஒரு வேன் பிடித்து மாமல்லபுரம் போனோம். வைகாசி வெயில். ஐந்து ரதத்தில் இருபது நிமிஷம், அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு குரூப் போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஆளுக்கொரு படம், கடற்கரைக் கோயிலைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக ஒரு வட்டம். நாலு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அப்போது பெரியவனுக்கு ஆறு வயது. சின்னவள் இடுப்பில். மத்தியானம் ஒரு மணிக்கு மணல் செருப்பைத் தாண்டிச் சுட, அவன் நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "எல்லாமே கல்லுதானேம்மா?" என்று கேட்டான். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. இந்தத் தை மாசம் அதே ஊருக்கு மறுபடியும் போனோம். இந்த முறை மூன்று இரவு.

திருச்சியிலிருந்து மாமல்லபுரம் போகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர்தான். சென்னைக்குள் போய் மாட்டிக்கொண்டு, மறுபடி ஈ.சி.ஆரில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் திரும்பி வருவது குழந்தைகளை ஊர் சேருவதற்குள்ளேயே சோர வைத்துவிடும். காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். பல்லவன் என்றால் யார் என்று பெரியவன் கேட்டான். "நாம பார்க்கப் போற ஊரைக் கட்டினவங்க" என்றேன். "அப்போ அவங்க ரயில்லயே போறோமா?" என்றான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் ஒரு பட்டியல் போட்டேன். பதினோரு இடம். புலிக்குகை, வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம், கலங்கரை விளக்கம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். "ஆளுக்கு ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார். பெரியவன் முதலைப் பண்ணை என்றான். சின்னவள் கடல். எங்களோடு வரவிருந்த அத்தைக்குத் திருக்கழுக்குன்றம். எனக்கு அர்ச்சுனன் தபசு. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மத்தியானத் தூக்கம் என்றார். சிரித்தோம். ஆனால் அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது அந்தத் தூக்கம்தான். ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் எல்லோருக்கும் பொது என்று சேர்த்துக்கொண்டோம். மீதியெல்லாம் அடிபட்டுப் போயின.

பள்ளிக்கு மூன்று நாள் மட்டம் போட்டுப் புதன்கிழமை கிளம்பினோம். டீச்சர்கள் மன்னிக்கட்டும். சனி, ஞாயிறில் சென்னை மொத்தமும் இங்கே வந்து இறங்கும். காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். வார நடுவில் போனால் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

தங்குமிடத்தில் ஏமாந்தோம். கடல் தெரியும் அறை என்று போனில் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. பால்கனியில் நாற்காலி போட்டு, அதன் மேல் ஏறி, எட்டிப் பார்த்தால் ஒரு முழம் நீலம் தெரிந்தது. "தெரியுதுல்ல, சார்?" என்றார் அறைக்கு அழைத்துவந்த பையன். வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். கடலுக்கு நடை நாலு நிமிஷம்தான் என்பதால் நாங்களும் பெரிதாகச் சண்டை போடவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் அறையில் பார்க்க வேண்டியது கடல் அல்ல, நிழலும் தண்ணீரும். மணலோடு வருகிற குழந்தையைக் கழுவ வாசலிலேயே ஒரு குழாய் இருந்தால் அதுதான் நட்சத்திர ஹோட்டல்.

அன்று சாயங்காலம் கடலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. சின்னவளுக்கு அலையைவிட நண்டுதான் பிடித்தது. ஈர மணலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வாயைச் சுற்றி உருண்டை உருண்டையாக மணல். அவள் குந்தி உட்கார்ந்து மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். முதலில் இரண்டு கண்கள் மட்டும் குச்சி மேல் வைத்த மாதிரி எட்டிப் பார்த்தன. அப்புறம் ஒரு கொடுக்கு. எங்கோ ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான், மணல் நிறத்து நண்டு மணலோடு மணலாகிவிட்டது. அரை மணி நேரம் இதுவே நடந்தது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த அரை மணி நேரத்தில் நாங்கள் ஐந்து ரதத்தை முடித்து வேனில் ஏறியிருந்தோம்.

அந்தக் கடலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இது குளிக்கிற கடல் இல்லை. பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் தரை சரிந்து இறங்கிவிடும், திரும்பிப் போகிற தண்ணீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்கால் வரைதான், கையைப் பிடித்துக்கொண்டுதான் என்று கட்டளை போட்டிருந்தோம். ஆனாலும் நான் ஒரு நிமிஷம் செல்போனில் படம் எடுக்கத் திரும்பினேன். சின்னவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஒரு அலை அவளை மண்டியிட வைத்தது. இரண்டாவது அலை வருவதற்குள், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "பாப்பாவைப் பிடிம்மா!" என்று போட்ட சத்தத்தில் நான் போனை எறிந்துவிட்டு ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க நேரமாயிற்று. "கடலுக்கு முதுகு காட்டக் கூடாதும்மா. நாங்களே காட்ட மாட்டோம்" என்றார் அந்தப் பெரியவர். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

மறுநாள் காலை என் முறை. ஏழு மணிக்கு முன்னால் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றோம். ஊர் நடுவே, பஸ் போகிற தெருவை ஒட்டி, ஏறக்குறைய முப்பது மீட்டர் அகலத்துக்கு விரிந்த பாறை முகம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் கால உளிகள் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை எழுப்பியிருக்கின்றன. ஒற்றைக்காலில் கைகளைத் தூக்கி நிற்கும் தவசி அர்ச்சுனனா, பகீரதனா என்பது பழைய வழக்கு. பாறையை இரண்டாகப் பிளக்கும் இயற்கையான வெடிப்பில் நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள். மேலே தண்ணீர் தேக்கிவைத்து அந்த வெடிப்பு வழியாக வழியவிட்டிருப்பார்கள் என்கிறார்கள். தண்ணீர் ஓடினால் அது கங்கை, தவசி பகீரதன். இல்லையென்றால் பாசுபதம் கேட்கும் அர்ச்சுனன். நான் கங்கைக் கட்சி.

ஆனால் இதையெல்லாம் அன்று குழந்தைகளிடம் நான் சொல்லவில்லை. "இதுல ஒரு பூனை இருக்கு. கண்டுபிடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் யானைகள்தான் கண்ணில் படும். உயிர் யானை அளவு. பெரிய யானையின் காலுக்கு அடியில் குட்டிகள், ஒன்று தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. சின்னவள் குட்டிகளை எண்ணினாள், இரண்டாவது முறை எண்ணியபோது ஒன்று கூடிவிட்டது. பெரியவன் சிங்கங்களை எண்ணினான். மான் ஒன்று பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. அதைப் பார்த்ததும் அவனும் அறியாமல் மூக்கைச் சொறிந்தான். பத்து நிமிஷம் போயிற்று. பூனை கிடைக்கவில்லை. அத்தையும் களத்தில் இறங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பூனைன்னா கீழ்வரிசையிலதான் இருக்கும், மேல தேவர்களாச்சே" என்று யோசனை சொன்னார்.

"பாட்டி, பாட்டி! கையைத் தூக்கிட்டு நிக்குது!"

கண்டுபிடித்தவள் சின்னவள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய, அசல் தவசியைப் போலவே நிற்கிறது பூனை. சுற்றிலும் எலிகள், பயமில்லாமல். கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்து எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. அதை அங்கேயே, தெரு ஓரத்துக் கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு அத்தை சொன்னார். ஒவ்வொரு நாளும் எலிகளில் ஒன்று குறைந்துகொண்டே வந்ததையும், எலிகள் கூட்டம் போட்டுப் பேசியதையும் அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒரு வடநாட்டுக் குடும்பம்கூட என்னவென்று தெரியாமலே சிரித்தது. பெரியவன் மேலே தவசியைப் பார்த்தான், கீழே பூனையைப் பார்த்தான். "சிற்பி கிண்டல் பண்றாரும்மா" என்றான். ராஜா செலவில், ராஜா ஊரில், அவ்வளவு பெரிய புண்ணியக் கதைக்குக் கீழே ஒரு ஓரமாகத் தன் கேலியையும் செதுக்கிவைத்த அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனைவிட, அவன் ஓரத்தில் ஒருவன் மாடு கறக்கிறானே, அதில்தான் குழந்தைகள் நின்றார்கள். மாடு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. அத்தை பிறந்த வீட்டில் மாடு உண்டு. "கன்னை நக்க விட்டாத்தான் பால் சுரக்கும். செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். பேன் பார்க்கும் குரங்குக் குடும்பத்தையும் பார்த்தோம். ஆண் குரங்கு பெண் குரங்கின் தலையில் பேன் பார்க்கிறது, அதன் மடியில் குட்டி பால் குடிக்கிறது. சின்னவள் அன்று முழுக்க என் தலையில் பேன் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு முடித்துக்கொண்டோம். வெண்ணெய் உருண்டை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். இட்லி, அறை, தூக்கம்.

சீட்டு விவகாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு நமக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். ஒரே சீட்டில் ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் அதே நாளில் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரிதான் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மாமல்லபுரத்தில் வெயிலில் ஓடவைக்கிறது. சீட்டு வீணாகக் கூடாதே! நாங்கள் இரண்டு நாளும் தனித்தனியாக வாங்கினோம். பெரியவர்கள் மூன்று பேருக்குக் கூடுதலாக 120 ரூபாய். சாயங்காலம் கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் அதைவிட அதிகம் செலவழித்தோம்.

வெள்ளி விடிகாலை ஐந்து ரதம். வாசல் திறந்ததும் உள்ளே போன முதல் ஆட்கள் நாங்கள்தான். பாண்டவர்களுக்கும் இந்தக் கோயில்களுக்கும் சம்பந்தம் இல்லை, ரதமும் இல்லை, பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து தெற்காகக் கிடந்த ஒரு பாறைத் தொடரை, குடிசை மாதிரி ஒன்று, நீண்ட வண்டிக்கூடு மாதிரி ஒன்று, அடுக்கடுக்காக ஒன்று என்று ஐந்து விதமாகக் குடைந்து பார்த்திருக்கிறார்கள். திரௌபதி ரதத்தைப் பார்த்ததும் சின்னவள் "நம்ம ஊரு கூரை வீடு" என்றாள். உண்மைதான். ஓலைக் கூரையின் வளைவு அப்படியே கல்லில்.

சகாதேவ ரதத்தின் பின்பக்கம் வளைந்திருக்கும். யானையின் முதுகு போல. இந்த வடிவத்துக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். படுத்துத் தூங்கும் யானையைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. புரியாதவர்களுக்காகவோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு முழு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைகளை யானைக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டு முதுகையும் ஒன்றாகப் பார்க்கவைத்தார். பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதினாலும் அப்படிப் பதியாது.

பெரியவன்தான் இன்னொன்றைக் கவனித்தான். தருமராஜ ரதத்தில் மேல் நிலைகள் நகை வேலை மாதிரி முடிந்திருக்கின்றன. கீழே வரவரக் கரடுமுரடு. அடித்தளம் முடியவே இல்லை. "வீடு கட்டினா கீழேர்ந்துதானே கட்டுவாங்க?" என்றான். இது கட்டினது இல்லை, குடைந்தது என்றேன். பாறை உச்சியில் நின்று செதுக்கிக்கொண்டே இறங்குவார்கள். நிற்பதற்குச் சாரம் வேண்டாம், இன்னும் செதுக்காத பாறையே மேடை. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ மேல தப்பு பண்ணிட்டா?" என்றான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவனையே அந்தக் கோபுரத்தைப் பார்க்கவிட்டேன்.

அன்று சாயங்காலம் அதே கேள்வியை அவன் ஒரு சிற்பியிடம் கேட்டான். ஐந்து ரதம் போகிற சாலை நெடுகச் சிற்பப் பட்டறைகள். 1957இல் இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம்தான் இன்றைய அரசு கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரி. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி அதை நடத்தியவர். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறைகளில் இப்போது உளிச் சத்தத்தைவிட மிஷின் சத்தம்தான் கூடுதல். வெள்ளைத் தூசி பறந்து இலையிலெல்லாம் படிந்திருக்கிறது. முகத்தில் துணிகூடக் கட்டாமல் வேலை பார்க்கிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. நாங்கள் நின்ற பட்டறைக்காரர் கண், மூக்கு வேலைக்கு மட்டும் உளிதான் என்றார்.

அவர் பெரியவனைக் கூப்பிட்டு, கிடந்த இரண்டு கற்களைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். ஒன்று மணி மாதிரிக் கணீரென்றது. இன்னொன்று மட்டென்று அடங்கிவிட்டது. சத்தம் வருகிற கல்தான் சிலைக்கு. அதிலும் ஆண் கல், பெண் கல் என்று பிரித்து, சாமிக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று. சத்தமே வராதது படிக்கட்டுக்கும் தளத்துக்கும். "தப்பு பண்ணிட்டா என்ன செய்வீங்க?" என்று இவன் கேட்டான். "மூக்கு உடைஞ்சா சாமி இல்ல தம்பி, அம்மிக்கல்லு" என்றார் அவர். சின்னவள் கையில் உளியைக் கொடுத்து ஒரு உடைசலில் கோடு போடச் சொன்னார். இருபது அடி அடித்தாள். அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அந்தக் கல்லை இன்றும் ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறாள்.

நடுவில், வெள்ளிக்கிழமை மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு, முதலைப் பண்ணைக்கும் போய்வந்திருந்தோம். வடநெம்மேலி, ஆட்டோவில் அரை மணி. ரோமுலஸ் விட்டேகரும் மனைவி சாய் விட்டேகரும் 1976இல் தொடங்கியது. இந்தியாவில் முதலைகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே முட்டை பொரித்துப் பெருக்கியதில், இன்று சதுப்புநில முதலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம்கூட அசையாமல் கிடக்கும். "இதுவும் கல்லாம்மா?" என்று சின்னவள் கேட்டு முடிப்பதற்குள் ஒன்று இமைத்தது. அவள் அப்பாவின் தோளில் ஏறிவிட்டாள். முட்டை புதைந்திருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும் என்று பலகையில் படித்துவிட்டுப் பெரியவன் வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அங்கேயே இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் அமைந்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபின் பிழைப்பு போன இருளர்கள், அதே திறமையைக் கொண்டு விஷம் எடுக்கத் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்துதான் நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. எடுத்த பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தப் பகுதி இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆட்கள் அமெரிக்கா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக்கொடுத்த கதையைக் கேட்டதும் பெரியவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை, கடற்கரைக் கோயிலுக்கு முன்னால், சூரியன் கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கக் கரைக்குப் போனோம். அலை ஒதுக்கிய குப்பைக்கு நடுவே ஒரு ஆமை. செத்துக் கிடந்தது. ஒரு சாண் இல்லை, ஒரு முழத்துக்கும் மேல் நீளம். கண்ணை மூடவில்லை. பங்குனி ஆமை. தையிலிருந்து பங்குனி வரை இந்தக் கரைக்கு முட்டையிட வரும், நூறு முட்டைக்கு மேல் குழி பறித்து இட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். சின்னவளை வேறு பக்கம் திருப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஏன் செத்துப்போச்சு?"

ஆமைக்கும் நம்மைப் போல மூச்சுவிட மேலே வர வேண்டும் என்றும், இழுவை வலையில் மாட்டினால் வர முடியாது என்றும் சொன்னேன். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றார் அவள் அப்பா. "அப்புறம் ஏன்?" என்றாள். நாங்கள் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஒரு கிளிஞ்சலைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். உல்லாசப் பயணத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சி கைலாசநாதரைக் கட்டியவனும் அவன்தான். குடைந்தது போதும் என்று கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய கோயில். இரண்டு சிவன் சன்னதிக்கு நடுவே படுத்திருக்கும் பெருமாள். பூசை கிடையாது. அத்தை அதைப் பற்றிக் கவலைப்படாமல் கைகூப்பி நின்று முணுமுணுத்தார். ஊருக்குள்ளே தலசயனப் பெருமாள் கோயிலில் முதல்நாளே சேவித்துவிட்டார், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்று. இது கணக்கில் வராத கூடுதல் தரிசனம். ஆயிரத்து முந்நூறு வருஷமாக உப்புக் காற்று தின்ற சிற்பங்களுக்கு முகம் கரைந்துபோயிருக்கிறது. சின்னவள் ஒரு பூதகணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு "சோப்பு மாதிரி தேஞ்சிருக்கு" என்றாள். அலை கோயிலைத் தொடாமலிருக்கப் பாறாங்கற்களைக் கொட்டி, சவுக்கு நட்டிருக்கிறார்கள். மதிலில் வரிசையாக நந்திகள். பெரியவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டான். கூப்பிடவில்லை. வேன் எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம். மலைக்கு ஐந்நூறுக்கும் மேல் படி. வெயில் ஏறிவிட்டதால் தாழக்கோயிலோடும் சங்கு தீர்த்தத்தோடும் நிறுத்திக்கொண்டோம். அத்தை சின்னப் பெண்ணாக வந்தபோது, உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதைப் பார்த்தவர். "காசியில குளிச்சிட்டு, இங்க சாப்பிட்டுட்டு, ராமேஸ்வரத்துல தூங்கும்னு சொல்வாங்க" என்று மலையை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். அவை கழுகு அல்ல, மஞ்சள்முகப் பாறு. தொண்ணூறுகளோடு வருவது நின்றுபோயிற்று. நாடெங்கும் பாறு இனங்கள் சரிந்ததற்கு மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி முக்கியக் காரணம் என்று கண்டறிந்து, கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடைசெய்தார்கள். குழந்தைகள் அரை மணி நேரம் வானத்தைப் பார்த்தார்கள். பருந்து ஒன்றுதான் வட்டமிட்டது.

மாலையில் அதே பல்லவனில் ஏறியபோது என் பட்டியலில் பாதிக்கு மேல் அடிக்கப்பட்டபடியே இருந்தது. புலிக்குகை பார்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தில் ஏறவில்லை. வெண்ணெய் உருண்டையை இந்த முறை யாரும் தாங்கவில்லை, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் போவதானால் தையிலோ மாசியிலோ போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும், சித்திரைக்கு மேல் வெயில். மூன்று நாள் இல்லையென்றால் இரண்டு நாளாவது கொடுங்கள், காலை ஒன்பதுக்குள் கல்லை விட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பூனை பாறையில் எந்தப் பக்கம் என்று மட்டும் நான் எழுதப்போவதில்லை. அதைக் குழந்தைகள் கண்டுபிடிக்கட்டும்.